புழக்கடையில் ஒரு கேஸ் கிரில்

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



லேத், வெல்டிங், டீசல் இன்ஜின் என்று எழுத எத்தனையோ இருக்க, 'இவன் அடுப்பைப் பற்றி எழுத வந்துட்டானே' என்று சிரிக்காதீர்கள். நாம் வகுப்பில் படிக்கும் வெப்பவியலும் பாய்மவியலும் ஒரே இடத்தில் கைகோத்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமானால், கேஸ் அடுப்பைவிட நல்ல இடம் கிடையாது. அதோடு இதில் வீட்டுக் காசும் வீட்டில் உள்ளவர்களின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

என் ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. மேலே உள்ள 14 நாடுகளில் எங்களுடையதும் ஒன்று. ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீஸ்வரர் கோயிலையும் பார்க்க வருகிறவர்கள் ராத்திரி தங்கினால் முதலில் கேட்பது, "கோழி சுட்டுத் தருவீங்களா?" என்பதுதான். இது இன்று நேற்று வந்த வழக்கமா என்ன? எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரி, தன்னைப் பாடி வந்தவர்களுக்குக் காட்டிலேயே சமைத்த மான் இறைச்சி கொடுத்து உபசரித்ததைப் புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் சொல்லியிருக்கிறார்!

என் சித்தப்பா மிளகு விற்ற காசை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குப் புழக்கடையில் சுட்டுப் போடலாம் என்று கேஸ் கிரில் வாங்கப் புறப்பட்டார். போனில் ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, இதுல அஞ்சு பர்னர் இருக்காம். பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல? நீதான் மெசின் படிக்கிறியே, பார்த்துச் சொல்லு" என்றார். அதற்காக நான் தேடிச் சேர்த்த பதில்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒரு கிரில் பல வேலைக்கு உதவுவது பர்னர் எண்ணிக்கையால் அல்ல. தனித்தனியாகத் திருகக்கூடிய இரண்டு பர்னரும், நன்றாக மூடும் ஒரு மூடியும் போதும். மிச்சக் காசைப் பாதுகாப்புக்குச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

கிரில் என்பது என்ன?

சாதாரண கேஸ் அடுப்பில் தீ பாத்திரத்தைச் சுடும். பாத்திரம் உணவைச் சுடும். கிரில்லில் பாத்திரம் இல்லை. அடியில் நீளமான குழாய் பர்னர், அதன்மேல் கூரை மாதிரி மடித்த இரும்புத் தகடு, அதற்கும் மேல் கம்பி வலை, எல்லாவற்றையும் மூட ஒரு மூடி. தகடும் வலையும் காய்ந்து, கீழிருந்து வெப்பத்தை வீசும். மூடியைச் சாத்தினால் உள்ளே சூடான காற்று சுழன்று மேல்பக்கத்தையும் வேகவைக்கும். கதிர்வீச்சு, கடத்தல், சலனம் என்று மூன்றும் ஒரே பெட்டிக்குள்!

இந்த மூடிக்கு ஒரு கதை உண்டு. 1952-ல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றிலும் சாம்பலிலும் தன் கரியடுப்பு படும் பாட்டைப் பார்த்தார். பட்டறையில் கடல் மிதவைக்காகச் செய்த உலோக உருண்டையை எடுத்து, ஒரு பாதியை அடுப்பாகவும் மறு பாதியை மூடியாகவும் ஆக்கினார். 'வெபர்' அடுப்பு பிறந்தது அப்படித்தான். நம்மைப் போல ஷீட் மெட்டல் தெரிந்த ஒரு மனுஷன் செய்த வேலை!

'விறகில் சுட்டால்தானே ருசி?' என்று கேட்பீர்கள். பாதி ருசி புகையில் இருக்கிறது, வாஸ்தவம். மீதி, இறைச்சியின் மேல்பக்கம் காய்ந்து பழுப்பாவதிலும், கொழுப்பு சூடான தகட்டில் சொட்டி ஆவியாக எழும்புவதிலும் இருக்கிறது. இந்த இரண்டும் கேஸிலும் கிடைக்கும். புகை வாசமும் வேண்டுமென்றால், சின்னத் தகர டப்பாவில் துளை போட்டு, காய்ந்த கொய்யாச் சுள்ளியை நிரப்பித் தகட்டின்மேல் வைத்தால் போதும். தைல மரக்கட்டையும் பெயின்ட் அடித்த பலகையும் மட்டும் கூடவே கூடாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. பர்னர்: இரண்டு போதும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி நாப் இருக்கணும். ஒரு பக்கம் பெரிய தீ, மறுபக்கம் தீயே இல்லை என்று வைக்க முடிந்தால்தான் அது பலவேலைக் கிரில். எவர்சில்வர் பர்னர் சீக்கிரம் துருப்பிடிக்காது.

2. வலை: வார்ப்பிரும்பு நல்லது. சூட்டைப் பிடித்து வைக்கும். தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரி எண்ணெய் பூசிக் காய்ச்சி வைக்கணும். மெல்லிய கம்பி வலை கோழியை வைத்ததும் ஆறிப்போகும், இறைச்சி ஒட்டிக்கொள்ளும்.

3. எண்ணெய்த் தட்டு: உருகிய கொழுப்பு வடிந்து சேரும் தட்டு வெளியே இழுக்கும்படி இருக்கணும். கிரில்லில் தீப்பிடிப்பதற்கு முக்கியக் காரணம், கழுவாமல் விட்ட இந்தத் தட்டுதான்.

4. எந்த கேஸுக்கான ஜெட்? நம் வீட்டு ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கேஸை விடும். கிரில்லின் பெயர்த்தகட்டில் எல்.பி.ஜி. என்றும் ஏறக்குறைய அதே அழுத்தமும் போட்டிருக்கணும். வெளிநாட்டிலிருந்து வரும் சில கிரில்கள் குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்குச் செய்தவை. அதில் ஜெட் துளை பெரிசு. எல்.பி.ஜி.யை அதில் விட்டால் மஞ்சள் தீ ஆளுயரம் கிளம்பும். அதேபோல ஹோட்டல் அடுப்புக்கான ஹை பிரஷர் ரெகுலேட்டரைக் கிரில்லில் மாட்டவே கூடாது.

5. டியூப்: ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள கம்பி வலைப் பின்னல் போட்ட ரப்பர் டியூப். அதில் அச்சிட்டுள்ள வருஷத்தைப் பாருங்கள். 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றணும்.

கேஸ் எவ்வளவு குடிக்கும்?

வாருங்கள், கணக்குப் போடுவோம். 1 கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 46 மெகாஜூல் வெப்பம், அதாவது ஏறத்தாழ 12.8 கிலோவாட் மணி. ஒரு பர்னர் 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால்:

இரண்டு பர்னர் (6 கிலோவாட்): மணிக்கு 0.47 கிலோ. 19 கிலோ சிலிண்டர் சுமார் 40 மணி நேரம் வரும்.

ஐந்து பர்னர் (15 கிலோவாட்): மணிக்கு 1.17 கிலோ. அதே சிலிண்டர் சுமார் 16 மணி நேரத்தில் காலி!

நாலு கோழிக்கு ஐந்து பர்னரைப் பற்றவைப்பது, சைக்கிளில் போகிற இடத்துக்கு லாரி எடுத்த கதைதான்.

19 கிலோ கணக்கை ஏன் சொன்னேன் தெரியுமா? சிவப்பு நிற 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். காசு வாங்கிக்கொண்டு விருந்தினருக்குச் சமைத்தால் அது வியாபாரம். அதற்கு வணிகச் சிலிண்டர்தான் சட்டப்படி சரி. லாபக் கணக்குப் போடும்போதே இதையும் சேர்த்துப் போடணும்.

மலை செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, காற்று. எங்கள் மலை கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். 1,200 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். கிரில்லுக்கு இந்தக் கவலை இல்லை. அது கொதிநீரை நம்பி வேலை செய்வதில்லை. ஆனால் தீயைக் கவனிக்கணும். நீலமாக எரிந்தால் சரி. மஞ்சள் நாக்கு நீட்டி, வலையில் கரி படிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். பர்னரின் வாயில் இருக்கும் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்துவிடணும், சிலந்திக்கூடு இருந்தால் துடைக்கணும். 'தீ பத்தலை' என்று ஜெட்டை ஊசியால் குத்திப் பெரிசாக்குவது ஆபத்து.

இரண்டாவது, குளிர். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். 1 கிலோ ஆவியாக சுமார் 350 கிலோஜூல் வெப்பம் வேணும். அதைத் தன்னிடமிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். 5 கிலோ குட்டிச் சிலிண்டரில் 3 கிலோ மிச்சம் இருக்கும்போது 9 கிலோவாட் அடுப்பைப் பற்றவைத்தால், மணிக்கு 0.7 கிலோ ஆவியாகணும். வெளியிலிருந்து சூடே கிடைக்காவிட்டால், அந்தத் திரவம் ஒரு மணி நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் ஆறிப்போகும்! காற்று ஓரளவு ஈடுகட்டும் என்றாலும், மார்கழி ராத்திரியில் சிலிண்டர் வியர்த்து, தீ சுருங்குவது இதனால்தான். உடனே சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள், அடுப்பருகே நகர்த்துவார்கள், படுக்கப்போட்டு உருட்டுவார்கள். மூன்றுமே கூடாது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே டியூப்பில் வந்துவிடும். பெரிய சிலிண்டர், சின்ன அடுப்பு: இதுதான் மருந்து.

மூன்றாவது, சரிவு. இதுதான் உயிர் விஷயம். எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே பறந்து போகாது; தண்ணீர் மாதிரி தரையோடு பள்ளத்துக்கு ஓடித் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். மலையில் பல வீடுகள் சரிவை வெட்டிக் கட்டியவை. புழக்கடை மேலே, சமையலறை கீழே. சித்தப்பா கிரில் வைக்க நினைத்த இடம் சமையலறைக் கதவுக்கு நேர் மேலே. உள்ளே சித்தியின் விறகடுப்பு எந்நேரமும் கனன்றுகொண்டிருக்கும். மேலே ஒரு கசிவு ஏற்பட்டால் கேஸ் நேராக அந்தக் கங்கைத் தேடித்தான் போகும்! அதனால் வீட்டுக்குப் பக்கவாட்டில், கதவுக்கும் கிணற்றுக்கும் சாக்கடைக்கும் விலகிய இடமாகப் பார்த்தோம். இரண்டு பர்னர் கிரில்லாக வாங்கியதில் மிஞ்சிய காசில் சிமென்ட் மேடை போட்டோம். கிரில் மேடைமேல், சிலிண்டர் ஒரு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், தாழ்வான சமதளத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அடுப்பு உயரத்தில், சிலிண்டர் தாழ்வில் என்று வீட்டுக்குள் சொல்லும் அதே விதிதான்.

பற்றவைக்க, அணைக்க

சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்புகளில் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம்.

பற்றவைக்கும் முன் மூடியைத் திறந்தே வைக்கணும். மூடிய பெட்டியில் கேஸ் நிரம்பிய பிறகு பொறி பட்டால் வெடிக்கும். பற்றவில்லையென்றால் நாபை அடைத்து, மூடியைத் திறந்தபடியே 5 நிமிஷம் காத்திருந்து மறுபடி முயலுங்கள்.

முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை அடைத்து, டியூப்பில் மிச்சமுள்ளது எரிந்து தீர்ந்த பிறகு நாபை அடையுங்கள். கொழுப்பில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கேஸை அடைத்து மூடியைச் சாத்துங்கள்.

மழை வந்துவிட்டதென்று கிரில்லைத் திண்ணைக்கோ அறைக்கோ இழுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசமுமில்லை. கசிவு என்றால் நாடெங்கும் கூப்பிட வேண்டிய எண் 1906.

என்னென்ன சுடலாம்?

இரண்டு பர்னரையும் ஏற்றி, மூடியைச் சாத்தி 10 நிமிஷம் காயவிடுங்கள். பிறகு ஒன்றை அணைத்துவிடுங்கள். தீயுள்ள பக்கம் மக்காச்சோளம், கத்தரிக்காய், அன்னாசித் துண்டு எல்லாம் சில நிமிஷத்தில் ஆகிவிடும். கோழியைத் தீயுள்ள பக்கம் நிறம் வரும்வரை வாட்டி, தீயில்லாத பக்கம் நகர்த்தி மூடுங்கள். எலும்போடுள்ள கால்துண்டு முழுதாக வெந்துவிடும், கருகாது. கனமான இடத்தின் உள்ளே 74 டிகிரி வந்திருக்கணும். சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது நல்லது. மரவள்ளிக் கிழங்கை முதலில் வேகவைத்துப் பிறகு வாட்டுங்கள். தேனும் வெல்லமும் சீக்கிரம் கருகும், கடைசியில் தடவுங்கள். தோசைக்கல்லை வலைமேல் போட்டால் ராகி அடையும் ரெடி!

தோழர்களே! கிரில் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் எல்லோர் வீட்டிலும் கேஸ் அடுப்பு இருக்கும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர். எண் வருஷத்தைக் குறிக்கும். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்கவே கூடாது. அப்படியே டியூப்பின் வருஷத்தையும் பார்த்து, அம்மாவுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். இதற்கு டிப்ளமோ கையில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.