ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு திருகாணியும்

தையல் மிஷின் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டு நினைவிருக்கும்: "சக்கரம் பின்னாடி சுத்துது, காலை எடு மொதல்ல!" அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து மிதியில் கால் வைப்போம். சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலும், நூல் அறும். அம்மா வந்து, துணிக்கு அடியில் பந்தாகச் சுருண்ட நூலை வெட்டியெடுத்து, பாபினை மறுபடி மாட்டுவார். ஐந்து நிமிடத்தில் மிஷின் ஓடும்.

எங்கள் வீட்டில் அது இன்றும் ஓடுகிறது. அதற்குப் பின் வந்த டேப் ரெக்கார்டரும் டிவியும் எத்தனையோ போன்களும் போய்விட்டன. பழையது என்பதால் வந்த பாசம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. பழைய பொருள் எல்லாவற்றின் மீதும் பாசம் வருவதில்லையே! காரணம் அந்த மிஷினின் அமைப்பிலேயே இருக்கிறது.

மிதி மேலும் கீழும் ஆடுகிறது. ஒரு கம்பி அந்த ஆட்டத்தைப் பெரிய சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்று வந்தால், பெல்ட்டால் இணைந்த மேல்சக்கரம் பல சுற்று வரும். கம்பியும் அச்சும் ஒரே கோட்டில் நிற்கும் நிலையில் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் அசையாது. அதனால்தான் தொடங்கும்போது மேல்சக்கரத்தைக் கையால் லேசாகத் தள்ளிவிடுகிறோம். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைக் கை கற்றுக்கொள்ளும் வரைக்கும்தான் திட்டு.

தையல் விழுவதும் அழகான பொறியியல். கையூசிக்குக் காது பின்பக்கம். மிஷின் ஊசிக்கு முனையருகே. ஊசி துணியைத் துளைத்து இறங்கி, சற்றே ஏறும்போது மேல்நூல் தளர்ந்து சிறு வளையமாகிறது. அடியில் இருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, அடிநூல் சுற்றிய பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இரண்டு நூலும் துணியின் நடுவில் பூட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்ற மிஷின்கள் போட்டதும் இரு நூல் பூட்டும் இதே தையல்தான்.

இத்தனையும் திறந்து பார்க்கக் கூடியவை. தகட்டை நகர்த்தினால் பாபின் தெரியும். ஒரு திருகாணியைக் கழற்றினால் ஊசித்தண்டு தெரியும். எண்ணெய் விட வேண்டிய இடமெல்லாம் துளை இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய நிறுவனங்கள் பல, சிங்கரின் 15-ஆம் ரக வடிவத்தைப் பொதுத் தரமாக ஏற்றுக்கொண்டன. ஒருவர் செய்த பாகம் இன்னொருவர் மிஷினிலும் பொருந்தியது. நம் வீட்டு மிஷின்கள் பலவும் அதே குடும்பம்தான். தெருமுனைக் கடையில் இன்று வாங்கும் ஊசி, பாட்டி காலத்து மிஷினில் சரியாக உட்காருவது அதனால்தான்.

இந்த அமைப்புக்கும் பாசத்துக்கும் என்ன தொடர்பு? மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு விடை தருகிறது. தம் கையால் செய்த பொருளை மனிதர்கள் கூடுதலாக மதிக்கிறார்கள். காகிதத்தை மடித்துத் தாங்களே செய்த கோணல்மாணல் உருவத்துக்கு, தேர்ந்தவர்கள் செய்ததற்கு ஏறத்தாழ இணையான விலையைத் தரவும் தயாராக இருந்தார்கள். ஆனால் வேலை பாதியில் நின்றுபோனால் அந்தக் கூடுதல் மதிப்பு மறைந்துவிடுகிறது.

பழுது பார்ப்பதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். உழைப்பு மட்டும் போதாது, அது பலிக்கவும் வேண்டும். சிக்கிய நூலை எடுத்தபின் மிஷின் ஓடும் அந்த நொடியில் அது நம்முடையதாகிறது. பசை வைத்து மூடிய கருவி அந்த நொடியை நமக்குத் தருவதே இல்லை. கெட்டால் கடைக்குப் போகிறது, இல்லையென்றால் குப்பைக்கு. 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான்.

வடிவமைப்பாளர்கள் இதை யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நன்றாக ஓடும் பொருளையும் ஏன் தூக்கிப் போடுகிறோம் என்று கேட்ட ஜோனதன் சாப்மேன், மனத்தில் நிலைக்கும் வடிவமைப்பைப் பற்றி 2005-இல் ஒரு நூலே எழுதினார். பிரான்சில் 2021-இல் செல்போன், லேப்டாப் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள்.

ஆனால் பழமையின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வது ஏமாற்று. மரப்பெட்டி போல வெளியே வேடம் போட்டு, உள்ளே திறக்கவே முடியாதபடி ஒட்டிய ஸ்பீக்கருக்கு வயதாகும்போது, அதுவும் குப்பைதான். நினைவு சேர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். அத்தனை ஆண்டும் பொருள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குத் திருகாணி வேண்டும், தெருமுனையில் உதிரிபாகம் வேண்டும், அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடும் கை வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தது. மிஷினை விற்றுவிடலாம் என்றோம். மெக்கானிக் வந்து பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டாரைப் பொருத்தி, புது பெல்ட் மாட்டிவிட்டுப் போனார். காலால் மிதித்து ஓட்டுவதற்கென்று செய்த மிஷின், மோட்டாருக்கும் இடம் கொடுத்தது. இப்போது அம்மா காலை லேசாக அழுத்துகிறார். சக்கரம் சரியான பக்கமே சுற்றுகிறது. ஆனாலும் தொடங்கும்போது அவர் கை தானாக மேல்சக்கரத்துக்குப் போய், ஒருமுறை தொட்டுத் தள்ளிவிட்டுத்தான் வருகிறது.