டயரோடு மல்லுக்கட்டலாம், வாங்க!

ஞாயிற்றுக்கிழமை மதியம். வாங்கி வெச்ச புது டயர் திண்ணையில் கிடக்கு. தொண்டூரிலிருந்து செஞ்சி வரைக்கும் சக்கரத்தைத் தூக்கிட்டுப் போகச் சோம்பேறித்தனம். ‘இன்ஜினீயரிங் படிக்கிறோம், இதைக்கூட மாட்ட மாட்டோமா?’னு ஒரு கெத்து வருமே... எனக்கும் வந்தது ஃப்ரெண்ட்ஸ். பலன்? ஒரே மதியத்தில் இரண்டு டியூப் காலி! தேசிங்கு ராஜாவுக்காவது குதிரைக்கு லாடம் அடிக்க ஆள் இருந்திருப்பாங்க.

நான் செஞ்ச தப்பு, பலத்தைக் காட்டினதுதான். டயரின் உள்விளிம்புக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கு. ‘பீட்’னு பேரு. அது ரப்பர் மாதிரி இழுபடாது. நீங்க எவ்வளவு முக்கினாலும் ரிம் விளிம்பைத் தாண்டாது. ஆனா, ரிம்முக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? அழகுக்கு வெச்சது இல்லை பாஸ்! இந்தப் பக்கம் லீவர் போடும்போது எதிர்ப்பக்கத்து பீட்டை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்தில் இறக்கிடணும். தேவையான இடம் தானா கிடைக்கும். பஞ்சர் கடை அண்ணன்கள் அலட்டிக்காம மாட்டுற ரகசியம் இதுதான்.

டயரில் அம்புக்குறி இருந்தா சக்கரம் சுத்துற திசையைப் பார்த்து வைங்க. டியூபில் கொஞ்சமே கொஞ்சம் காற்று, மடங்காம இருக்கிற அளவுக்கு. பீட்டில் சோப்புத் தண்ணி தடவுங்க. கிரீஸ், ஆயில் கூடாது. வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்டே முடிங்க. முடிச்சதும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி விடுங்க, டியூப் பீட்டுக்கு அடியில் சிக்காது. என் முதல் டியூப்பைக் கொன்னது ஸ்க்ரூ டிரைவர். இரண்டாவது, ஆழமா விட்ட லீவர்.

மாட்டியாச்சு, ஆனா இன்னும் உட்காரலை! ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒண்ணு சுத்தி ஓடும். காற்று அடிச்ச பிறகு அது ரெண்டு பக்கமும், சுத்திலும், ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரியணும். ஒரு இடத்தில் உள்ளே போயிருந்தா, காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி தடவி மறுபடி அடிங்க. அப்படியே ஓட்டினா வண்டி துள்ளும்.

‘இன்னும் கொஞ்சம் அடிச்சா தானா உட்கார்ந்துடும்’னு ஒரு ஆசை வரும் பாருங்க, அங்கேதான் ஆபத்து. உட்கார வைக்க 40 பி.எஸ்.ஐ.-யைத் தாண்டாதேனு டன்லப் எச்சரிக்குது. ஏன்? கணக்கு போட்டுப் பார்த்தேன். நூறு சி.சி. பைக்குகளில் சகஜமான 2.75-18 டயரில் ஒரு பக்கச் சுவரின் பரப்பு தோராயமா 180 சதுர அங்குலம். 40 பி.எஸ்.ஐ.-யில் அந்தச் சுவரைத் தள்ளுற விசை 7,200 பவுண்டு. அதாவது, 3 டன்னுக்கு மேல்! பீட் கம்பி அறுந்தா, குனிஞ்சு எட்டிப் பார்க்கிற உங்க முகத்துக்கு நேரா அது வெடிக்கும். தள்ளி நின்னு, கேஜைப் பார்த்துக்கிட்டே அடிங்க.

டியூப்லெஸ்னா வேற கதை. பீட் உட்காரும்போது ‘டப்’னு சத்தம் கேட்கும். கைப்பம்பு பெரும்பாலும் போதாது. கம்ப்ரஸர் இருக்கிற கடைக்குப் போயிடுங்க. பெட்ரோல் ஊத்திப் பத்தவெச்சு உட்கார வைக்கிற வீடியோ பார்த்திருப்பீங்க. அந்த வேலையே வேணாம் மாப்ளே!

உட்கார்ந்ததும், வண்டி மேனுவல் சொல்ற அளவுக்குக் காற்றைச் சரி பண்ணுங்க. பின்சக்கரம்னா செயின் தொய்வு, பிரேக் ரெண்டையும் பாருங்க. புது டயர் ஆரம்பத்தில் வழுக்கும். முதல் 100 கிலோமீட்டருக்காவது வளைவுகளில் சாய்க்காதீங்க.

மூணாவது டியூப்பில் நான் ஜெயிச்சப்போ மணி ஆறரை. அந்தக் காசுக்குக் கடையிலேயே மாட்டியிருக்கலாம்னு அம்மா சொன்னாங்க. காதில் விழாத மாதிரி கைகழுவப் போயிட்டேன்.