செம்பருத்தி: தலைக்கு எது, குடிக்க எது?

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர், "ஹஜ்ரத், வீட்டுச் செம்பருத்தியில் டீ போட்டுக் குடிக்கிறேன். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டேன்" என்றார். நம் ஊர்களில் பலரும் இப்படி நினைப்பதால் இதை எழுதுகிறோம்.

ரத்த அழுத்தம் குறையும் என்று பேசப்படுவது நம் முற்றத்துச் செம்பருத்தியைப் பற்றியல்ல. உம்ரா சென்று வருவோர் வாங்கி வரும் 'கர்கடே'தான் அது. அது புளிச்சக்கீரை இனச் செடி. காயைச் சுற்றியுள்ள சிவந்த சதைப்பற்றான பகுதியைக் காயவைத்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 65 பேரை வைத்துச் சோதித்து, 2010-ல் முடிவை வெளியிட்டது. தினமும் 3 கோப்பை வீதம் 6 வாரம் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. அவர்கள் பிரஷர் மாத்திரை எடுக்காத, லேசான அழுத்தம் உள்ளவர்கள். எனவே எந்தப் பூவை நம்பியும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

வீட்டுச் செம்பருத்தியை சர்பத்தாகக் குடிக்கலாம். ஐந்தாறு பூக்களின் இதழ்களை மட்டும் கழுவி, கொதித்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, எலுமிச்சை பிழிந்தால் நல்ல சிவப்பு நிறம் வரும். கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும். கழிவுநீர் ஓடும் ஓரத்துச் செடியில் பறிக்க வேண்டாம்.

தலைமுடிக்கு வருவோம். தோல் தொழிலில் உள்ள நம்மவர்களுக்குச் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தெரிந்ததே. அதன் விஞ்ஞானிகள் செம்பருத்தியையும் ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டனர். முடி வளர்ச்சியைத் தூண்டுவதில் பூவைவிட இலையின் சாரமே மேலாக இருந்தது. நாமோ பூவைப் பறித்துக்கொண்டு இலையை விட்டுவிடுகிறோம்! ஆனால் அது எலிகளிடம் நடந்த சோதனை. வழுக்கையில் முடி முளைக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

உறுதியான பயன் வேறு உண்டு. ஒரு கைப்பிடி இலையை நீர் விட்டு அரைத்தால் வழவழப்பான விழுது கிடைக்கும். தலையில் பூசிக் கால் மணி நேரம் கழித்து அலசினால் முடி மென்மையாகும், சிக்கு எளிதில் பிரியும். உப்பு நீரில் குளித்து முடி சொரசொரப்பாகும் நம் பகுதிக்கு இது நல்ல உதவி. கடமையான குளிப்பாக இருந்தால் விழுதை முழுவதும் அலசிவிட்டு, முடியின் அடிவரை நீர் சேர்வதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவரிடமும் இதையே சொன்னோம்: இலை தலைக்கு, சர்பத் தாகத்துக்கு, மாத்திரை டாக்டர் சொன்னபடி.