படச்சுருள் இல்லாத படம்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சினிமாப் படம் எடுக்கிறார்கள் என்று முன்னொரு காலத்தில் யாரேனும் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் நகைத்திருப்பார்கள். இன்றோ அது வீட்டுக்கு வீடு நடக்கும் காரியமாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியிலேயே காமிரா இருக்கிறது. ஒலியைப் பதியும் கருவி இருக்கிறது. எடுத்த படத்தை வெட்டி ஒட்டும் வசதியும் இருக்கிறது. குறும்படம் எடுப்பதும், செவிக்குரிய நிகழ்ச்சி தயாரிப்பதும், மாணவர் பத்திரிகை நடத்துவதும் பல கலாசாலைகளில் பாடத்தின் ஒரு பகுதியாகவே அமைந்திருக்கின்றன.

இதில் மகிழ்ச்சியடைய வேண்டிய விஷயம் நிறைய உண்டு. கவலைப்பட வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. கருவி மலிந்தபோது யோசனை அருகிவிட்டது. "முதலில் எடுப்போம், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பதே பல மாணவர்களின் முறையாயிருக்கிறது. நூறு துண்டுகளை எடுத்துக் குவித்துவிட்டு, எதை எதனோடு சேர்ப்பதென்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் பிள்ளைகளை நேயர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே கண்டிருக்கலாம்.

கருவியே கிட்டாத நிலையில் இக்கலையைக் கற்றுத் தேர்ந்த ஒரு மாணவர் கூட்டத்தின் வரலாற்றை இந்தச் சமயத்தில் நினைவுகூர்வது நன்மை தரும்.

1919-ஆம் ஆண்டில் ருஷியாவின் தலைநகரான மாஸ்கோவில் அரசாங்க ஆதரவில் ஒரு சினிமாப் பள்ளி தொடங்கப்பெற்றது. உலகத்தில் முதன்முதலாக எழுந்த சினிமாப் பள்ளிகளுள் அது ஒன்று. அப்பொழுது அந்நாட்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டிருந்தது. உணவுக்குப் பஞ்சம், குளிர் காய விறகுக்கும் பஞ்சம். வெளிநாடுகளிலிருந்து வரவேண்டிய படச்சுருளோ மிகவும் அரிதாகிவிட்டது. அந்தப் பள்ளியில் லெவ் குலெஷோவ் என்பவர் ஒரு வகுப்பை நடத்தலானார். 1899-இல் பிறந்த இளைஞர் அவர். அவருடைய மாணாக்கர்களில் சிலர் அவரைக் காட்டிலும் வயதில் மூத்தவர்கள்!

சுருள் இல்லையே என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. "படச்சுருள் இல்லாத படங்கள்" என்று பெயரிட்டுப் புதுமையான பயிற்சியொன்றை மேற்கொண்டார்கள். முதலில் கதையை எழுதுவார்கள். பிறகு அதைக் காட்சி காட்சியாகப் பிரிப்பார்கள். எங்கே முகம் மட்டும் தெரியவேண்டும், எங்கே முழு உருவமும் தெரியவேண்டும், எத்தனை நேரம் தெரியவேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வார்கள். அப்புறம் சிறு மேடையொன்றில், திரைகளையும் விளக்குகளையும் மாற்றி மாற்றி அமைத்து, காமிரா இருந்தால் எவ்வாறு காட்டுமோ அவ்வாறே நடித்துக் காட்டுவார்கள். அமெரிக்க டைரக்டர் கிரிபித் 1916-இல் வெளியிட்ட 'இன்டாலரன்ஸ்' என்னும் படத்தையும் அவர்கள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். பிறர் கட்டிய வீட்டை அஸ்திவாரம் வரையில் பார்த்துவிட்டுத் தம் வீட்டைக் கட்டத் தொடங்குவது போன்ற முயற்சி அது.

இதன் பலன் என்ன? 1924-இல் அந்த வகுப்பினர் ஒன்றுசேர்ந்து 'போல்ஷெவிக்குகள் நாட்டில் மிஸ்டர் வெஸ்ட்' என்னும் வேடிக்கைப் படத்தை எடுத்தார்கள். காமிரா கைக்கு வந்தபோது அதை என்ன செய்வதென்று அவர்களில் ஒருவருக்கும் திகைப்பு ஏற்படவில்லை. அக்கூட்டத்தில் ஒருவரான புடோவ்கின், ரசாயனம் பயின்றவர். முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்தவர். அவர் 1926-இல் எடுத்த 'தாய்' என்னும் படம் உலகப் பிரசித்தி பெற்றது. படப்பிடிப்புக்கு முன்பே காட்சிகள் ஒவ்வொன்றும் காகிதத்தில் திட்டமாக அமைந்திருக்க வேண்டுமென்பதை அவர் தம் நூல்களிலும் வற்புறுத்தினார்.

திட்டம் என்பது இக்காரியத்தில் ஒரு பாதி. மற்றொரு பாதி ஆராய்ச்சி. அதாவது, சொல்லப்போகும் விஷயம் மெய்தானா என்று விசாரித்து அறிவது. நடிப்புப் படத்தில் அது குறைந்தால் படம் சோபிக்காது, அவ்வளவுதான். உண்மை மனிதரைப் பற்றிச் சொல்லும்போது குறைந்தாலோ ஒருவருடைய மானமே போய்விடும். இந்தப் பொறுப்பை நன்கு உணர்ந்த ஒரு மாணவர் குழுவைக் காண, மாஸ்கோவை விட்டு அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். காலத்திலும் ஒரு நூற்றாண்டு கடக்க வேண்டும்.

கான்ஸாஸ் மாகாணத்தில் பிட்ஸ்பர்க் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அவ்வூர் உயர்தரப் பள்ளி மாணவர்கள் 'பூஸ்டர் ரீடக்ஸ்' என்னும் பத்திரிகையை நடத்திவந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்பள்ளிக்குப் புதிய தலைமை ஆசிரியை ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரை வரவேற்று அறிமுகக் கட்டுரை எழுதுவதே மாணவர்களின் நோக்கம். குற்றம் காண வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்குத் துளியும் இல்லை. எழுதுமுன் அவர் பெற்றதாகச் சொல்லப்பட்ட பட்டங்களைச் சரிபார்க்கலாம் என்று தொடங்கினார்கள். பட்டம் வழங்கியதாகக் கூறப்பட்ட பல்கலைக்கழகத்தைத் தேடினால், அதற்கு உரிய அங்கீகாரம் இருந்ததற்கான சான்று அகப்படவில்லை!

இந்த இடத்தில் அவசரக்காரர்களாயிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று ஊகிப்பது எளிது. அன்று மாலையே ஊரெல்லாம் தமுக்கடித்திருப்பார்கள். இம்மாணவர்கள் அப்படிச் செய்யவில்லை. கல்வி இலாகாவில் விசாரித்தார்கள். சம்பந்தப்பட்ட அம்மையாரையே தொலைபேசியில் அழைத்துத் தங்கள் சந்தேகங்களை நேரில் கேட்டார்கள். கிடைத்த விடைகளை ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பத்திரிகைக்கு ஆலோசகராயிருந்த ஆசிரியை நியமனக் குழுவிலும் இடம்பெற்றிருந்தபடியால், இவ்விஷயத்தில் தலையிடாமல் ஒதுங்கி நின்றார். இத்தனைக்கும் பிறகே, மார்ச் 31-ஆம் தேதி, ஆறு மாணவர்கள் பெயரில் கட்டுரை வெளியாயிற்று. தாம் பட்டம் பெற்ற காலத்தில் அந்த ஸ்தாபனத்தில் குறை ஏதும் இருக்கவில்லை என்று அம்மையார் சமாதானம் கூறினார். ஆயினும் ஏப்ரல் 4-ஆம் தேதி அவர் ராஜிநாமா செய்தார். பள்ளி நிர்வாகக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டது.

மாணவர் பத்திரிகைகளின் சுதந்திரத்தைப் பாதுகாக்கும் சட்டம் அந்த மாகாணத்தில் 1992 முதலே உண்டு. ஆனால் சட்டம் வாயைத்தான் திறந்துவிடும். வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு உண்மையை அது ஊட்டாது. பெரியவர்கள் கவனிக்கத் தவறியதைப் பள்ளிப் பிள்ளைகள் கண்டுபிடித்தது ஒரு விசேஷம். கண்டுபிடித்த பின்னும் பொறுமையாயிருந்தது அதனினும் பெரிய விசேஷம். அவர்கள் எழுதியதில் முக்கியமான ஒரு வரி பொய்யாயிருந்தால், ஓர் ஆசிரியையின் வாழ்க்கை அநியாயமாகக் கெட்டிருக்கும். அந்த மாணவர்களின் பேரும் கெட்டிருக்கும்.

"இவ்வளவு திட்டமும் விசாரணையும் வைத்துக்கொண்டால் இளம் உள்ளத்தின் உற்சாகம் குன்றிவிடாதா? கற்பனைக்கு இடமேது?" என்று சிலர் கேட்கலாம். கான்ஸாஸ் மாணவர்கள் போட்ட திட்டம் வரவேற்புக் கட்டுரை, வெளிவந்ததோ வேறு. விசாரித்த உண்மைக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். திட்டமே இல்லாதவனுக்கு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? மாஸ்கோ மாணவர்களின் கற்பனையும் காகிதத்தில் கோடு போட்டதனால் வறண்டுவிடவில்லை. சுருளுக்குப் பஞ்சம் வந்த காலத்தில்தான் அது தழைத்தது.

ஆகையால் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊர் ஏரியைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாக உங்கள் பிள்ளை வந்து சொன்னால், எந்தக் காமிரா வேண்டுமென்று கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். படம் சொல்லப்போவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? ஏரியின் பரப்பும் கொள்ளளவும் எந்த அலுவலகத்தில் கிடைக்கும்? ஏரி நிரம்பியிருந்த நாளைக் கண்ட முதியவர் யார்? அவரிடம் எதற்காகப் படம் எடுக்கிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற்றாயிற்றா? படம் எடுக்கும் வேளையில் வெயில் எந்தப் பக்கம் விழும்? பக்கத்துச் சாலையின் வண்டிச் சத்தத்துக்கு என்ன வழி? மழை வந்தால் என்ன ஏற்பாடு? எந்தக் காட்சி முதலில், எது பிறகு, யாருக்கு என்ன வேலை என்று எழுதிவைத்திருக்கிறதா?

இவற்றுக்கு விடை தேட இரண்டு வாரம் பிடிக்கலாம். படம் எடுக்க இரண்டே நாள் போதும். அந்த இரண்டு வாரத்தையும் வீண் என்று கருதாதீர்கள். படம் ஒருகால் நன்றாக அமையாமலே போகலாம். பரிசு கிட்டாமலும் போகலாம். கேட்டறிந்து சொல்லும் பழக்கம் பிள்ளையிடம் தங்கிவிடும். எந்த வதந்தியும் ஒரு நொடியில் ஊரைச் சுற்றி வரும் இக்காலத்தில், அந்தப் பழக்கமுள்ள பிள்ளைகள் நாட்டுக்கு மிகவும் வேண்டியவர்கள்.