தெலோமியன்: கேமரன்மலையில் பிறந்த வேட்டை நாய்

கம்போங் ராஜாவிலும் புளூவேலி தோட்டத்திலும் வாழும் நம்மவர்களுக்குத் தெலோம் ஆறு புதிதல்ல. அந்த ஆற்றின் நீரைச் சுரங்கப் பாதை வழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி மின்சாரம் எடுப்பதையும் பலர் அறிவார்கள். ஆனால், அதே ஆற்றின் பெயரில் ஒரு நாய் இனம் இருப்பதும், அதற்கு அமெரிக்காவில் சங்கமே அமைத்ததும் கேமரன்மலைவாசிகளில் பலர் கேள்விப்படாத செய்தி. அந்த நாயின் பெயர் தெலோமியன்.

1963ஆம் ஆண்டு ஓர்வில் எலியட் என்ற மானுடவியலாளர் தெலோம் ஆற்றின் மேற்பகுதியில் பூர்வகுடி மக்களிடம் இந்த நாய்களைக் கண்டார். ஆப்பிரிக்கக் காடுகளின் வேட்டை நாயான பசெஞ்சியின் சாயல் அவற்றில் தெரிந்தது. ஒரு ஜோடியை அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்திற்கு அனுப்பி வைத்தார். நாய்களின் குணம் பரம்பரையாக எப்படி வருகிறது என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஜான் பால் ஸ்காட். அந்த ஜோடியின் குட்டிகள் பெருகின. 1970இல் தெலோமியன் நாய்ச் சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் இன்னொரு ஜோடியும் இங்கிருந்து கொண்டு செல்லப்பட்டது.

ஏணி ஏறும் நாய்

தெலோமியன் நடுத்தர உருவம் கொண்டது. குட்டை முடி, செம்பழுப்பு நிறம், ஆங்காங்கே வெள்ளை, நெற்றியில் சுருக்கம். குரைப்பதோடு ஊளையும் கூவலும் கலந்த ஒரு சத்தமும் எழுப்பும்.

இதன் பெரிய சிறப்பு ஏணி ஏறுவது. பூர்வகுடியினர் தரையிலிருந்து உயர்த்தி, கால்களின் மேல் வீடு கட்டுவார்கள். இரவில் நாயும் வீட்டுக்குள் வர வேண்டுமானால் ஏணியில்தான் ஏற வேண்டும். முன்னங்கால்களால் படியைப் பற்றி ஏறப் பழகிய நாய்கள் குடும்பத்தோடு உள்ளே உறங்கின. பகலில் சிறு விலங்குகளை வேட்டையாடத் துணை போயின. பாம்பு, எலி போன்றவை வீட்டை நெருங்காமல் பார்த்துக்கொண்டன. வீட்டில் ஆளோடு ஆளாக வளர்ந்த இந்த நாய்க்குப் பதிவுப் புத்தகம் கிடையாது. எந்த நாய் கெட்டி, எந்தத் தாயின் குட்டி நன்றாக மோப்பம் பிடிக்கும் என்பது குடும்பத்தின் நினைவில் மட்டுமே இருந்தது.

அந்த நினைவு கடல் கடந்து போகவில்லை. போனவை சில நாய்கள் மட்டுமே. அவற்றின் வம்சத்துக்குள்ளேயே தொடர்ந்து இணை சேர்த்தால் நெருங்கிய இரத்த உறவு கூடிக்கொண்டே போகும்; நோய்களும் மலட்டுத் தன்மையும் தலைகாட்டும். அமெரிக்க வீட்டில் வேட்டையும் இல்லை, ஏற ஏணியும் இல்லை. பெரிய நாய்ச் சங்கங்களின் அங்கீகாரமும் கிடைக்காததால், தெலோமியன் அங்கே மிக அரிதான இனமாகவே நின்றுவிட்டது. இங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. காட்டுக்குள் சாலை போகும்போது வெளி நாய்களும் கூடவே போகும். கலப்பு தானாக நடக்கும்.

டாஷண்ட் எப்படித் தப்பியது?

இதற்கு மாறான கதை டாஷண்டுடையது. குட்டைக் காலும் நீண்ட உடம்பும் கொண்ட இந்த நாயை நம் நகரங்களில் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். உண்மையில் இது கடுமையான வேட்டை நாய். பேட்ஜர் என்ற விலங்கின் வளைக்குள் புகுந்து அதை வெளியே விரட்டுவதற்கென்றே ஜெர்மானியர்கள் உருவாக்கியது. ஜெர்மன் மொழியில் அதன் பெயருக்கே 'பேட்ஜர் நாய்' என்றுதான் பொருள்.

1888இல் ஜெர்மனியில் டாஷண்டுக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. அங்கே நாயின் அளவை எடையைவிட மார்புச் சுற்றளவை வைத்தே பிரித்தார்கள். எந்த வளைக்குள் நாய் நுழைய முடியும் என்பதே கணக்கு. அழகுப் போட்டியோடு நிற்காமல் களச் சோதனையும் வைத்தார்கள். அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடும் சோதனையில் 1,000 மீட்டர் தூரத்துக்கு இரத்தத் தடம் போடப்படும். குறைந்தது 20 மணி நேரம் கழித்தே நாயை அதில் விடுவார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சாமல் இருக்கிறதா, முயல் தடத்தில் குரல் கொடுத்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பார்ப்பார்கள். தேர்ச்சி பெற்ற விவரம் வம்சாவளிச் சான்றிதழில் ஏறும். குட்டி வாங்குபவர் அதன் தாய் தந்தையின் திறமையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் இந்தச் சோதனை ஒரு குடும்ப விழா போல நடக்கும். பெரியவர்களும் பிள்ளைகளும் வரிசையாக நடந்து புதரைத் தட்ட, முயல் கிளம்பும். இரண்டு நாய்களை அதன் தடத்தில் விட்டு நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். முயலைச் சுடுவதில்லை. உயிர்ப்பலி இல்லாமலே மோப்பத் திறனை அளக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு எச்சரிக்கையும் தேவை. டாஷண்டின் குட்டைக் காலுக்குக் காரணமான மரபணு முதுகுத் தண்டின் வட்டுகளையும் பாதிக்கிறது. பொறுப்பான வளர்ப்பாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே இணை சேர்க்கிறார்கள். வீட்டில் வளர்ப்பவர்கள் அதை நாற்காலியிலிருந்து குதிக்க விடாமலும், உடல் பெருக்காமலும் பார்த்துக்கொள்வது நல்லது.

நம் நாட்டு நாய்கள்

தமிழ்நாட்டிலும் இதே பாடம் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாய்களை ஊரும் குடும்பமும் தலைமுறையாக வளர்த்து வந்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லாமல் போனது. வேலை போனதும் வெளிநாட்டு நாய்களின் மோகம் அவற்றை ஓரங்கட்டியது. மெல்லத்தான் நிலைமை மாறியது. 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது. பிறகு ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அதிகாரபூர்வ உள்நாட்டு இனங்களாகப் பதிவு பெற்றன. காவலுக்கும் மோப்பப் பணிக்கும் பழக்கினால், வேட்டை இல்லாமலே இந்த நாய்களுக்கு வேலை கொடுக்கலாம்.

மலேசியாவிலும் வனவிலங்குகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உரிமமின்றி வேட்டைக்கு நாயை ஏவக்கூடாது. ஆனால், தோட்டத்துத் திடலில் இறைச்சித் துண்டை இழுத்துத் தடம் போட்டு, முடிவில் அதையே பரிசாக வைத்து, சில மணி நேரம் கழித்து நாயைத் தேடவிட எந்தத் தடையும் இல்லை. பிள்ளைகளும் சேர்ந்து செய்யலாம்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தாய் யார், தந்தை யார், பிறந்த நாள், வந்த நோய், நாய் எதில் கெட்டி என்று ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும். தெலோம் ஆற்றங்கரைக் குடும்பங்கள் நெஞ்சில் வைத்திருந்த அந்தக் கணக்கை அன்றே யாராவது எழுதி வைத்திருந்தால், தெலோமியன் இன்று கேமரன்மலையின் பெருமையாக இருந்திருக்கும்.