அக்குள் முடியை பிளேடு இல்லாமல் எடுக்க



போன மாதம் குழுக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அக்குளைக் காட்டினாங்க. தோல் சிவந்து வெந்து போயிருந்தது. முடி நீக்கும் கிரீமை, "நல்லா பிடிக்கட்டும்"னு அரை மணி நேரம் விட்டிருக்காங்க. கையைத் தூக்க முடியாம நாலு நாள் நடவுக்குப் போகலை. கூலியும் போச்சு.

கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் முடியை இளக வைக்கிறது. முடியில் உள்ள அதே கெரட்டின் என்ற புரதம்தான் மேல்தோலிலும் இருக்கு. நேரம் கூடினால் தோலும் வேகும். அதனால் அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்கு மேல் வைக்காதீங்க. அக்குளுக்குப் போடலாமா என்றும் அதிலேயே இருக்கும். எழுத்து பொடிசாக இருந்தால் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க, இதில் என்ன வெட்கம்? முதல் நாளே துளி தடவிக் கழுவி, 24 மணி நேரம் பார்க்கணும். புண், கட்டி இருந்தால் பூசக் கூடாது.

என்னைக் கேட்டால், சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கினாலே போதும். முடி இருப்பது அசுத்தம் இல்லை. வியர்வையில் பெருகும் கிருமியால்தான் நாற்றம் வருது. தினமும் சோப்பு போட்டுக் கழுவினால் குறையும்.

கிரீம் எரிந்தால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்க. கொப்புளம் வந்தால் மஞ்சள் அப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.