வீடு வாங்கும் முன் கண்மாயைக் கேளுங்கள்!

தை முதல் நாள் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறக்கிறது. மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். மதுரை மாவட்ட ஜல்லிக்கட்டு வரிசையில் முதல் மரியாதை இந்த ஊருக்குத்தான். அன்று திருப்பரங்குன்றம் சாலையில் நிற்க இடம் கிடைக்காது. மற்ற நாட்களில் இதே வட்டாரத்தில் வேறொரு கூட்டம் இடம் தேடி அலைகிறது. வீட்டு மனைக்கான இடம்!

காரணம் இருக்கிறது. நகராட்சியாக இருந்த அவனியாபுரம் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஒரு பக்கம் வில்லாபுரம், இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், தெற்கே விமான நிலையம், பக்கத்திலேயே ரிங் ரோடு. பஸ்ஸுக்கும் குறையில்லை, பள்ளிக்கூடத்துக்கும் குறையில்லை. பணி ஓய்வுப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பெரியவர், வாடகை கொடுத்து அலுத்துப்போன இளம் தம்பதி, வெளிநாட்டில் மகனோ மகளோ இருக்கும் பெற்றோர் என்று பலரும் இங்கே மனை பார்க்க வருகிறார்கள்.

வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். சென்ட் என்ன விலை, ரோடு எத்தனை அடி, அப்ரூவல் உண்டா, லோன் கிடைக்குமா? நல்ல கேள்விகள்தான். ஆனால் மதுரையைச் சுற்றி வீடு வாங்குகிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. மழை பெய்தால் இந்த இடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

பெயரிலேயே தண்ணீர்

மதுரை கண்மாய்களின் ஊர். தல்லாகுளம், பீபீகுளம், மாடக்குளம், உலகனேரி என்று ஊர்ப் பெயரிலேயே குளமும் ஏரியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் சில இடங்களில் தண்ணீர் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம். அவனியாபுரத்துப் பக்கமும் அவனியாபுரம் கண்மாய், அயன்பாப்பாக்குடி கண்மாய், திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் என்று நீர்நிலைகளுக்குப் பஞ்சமில்லை.

கண்மாய் என்பது தனியாகக் கிடக்கும் பள்ளம் அல்ல. சங்கிலி போன்றது. மழைநீரையும் ஆற்றுநீரையும் கொண்டுவரும் வரத்துக்கால் ஒன்று இருக்கும். தண்ணீரைத் தேக்கும் கரை இருக்கும். வயலுக்குத் தண்ணீர் விட மடை இருக்கும். நிறைந்த பிறகு மிச்சத்தை வெளியேற்ற கலுங்கு இருக்கும். கலுங்கு தாண்டி வழியும் மறுகால் தண்ணீர், அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போய்ச் சேரும். இப்படி ஒன்று நிறைந்து இன்னொன்றை நிறைக்கும்.

இந்தச் சங்கிலியில் வரத்துக்காலை மறித்து ஒரு தெரு போட்டால், அங்கே வர வேண்டிய தண்ணீர் தெருவிலேயே நிற்கும். மறுகால் ஓடையை மூடினால், வழியும் தண்ணீர் வீட்டு வாசலில் வழியும். மடைக்குக் கீழே பட்டா நிலமாக இருந்த நஞ்சை வயலை மனையாக்கினால், அதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது தண்ணீர் பாய்வதற்கென்றே தாழ்வாக அமைந்த நிலம். பத்திரம் சுத்தமாக இருப்பது வேறு, இடம் மேடாக இருப்பது வேறு. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பல வருடம் மழை குறைவாகப் பெய்தால் இது யாருக்கும் தெரியாது. காய்ந்த கண்மாயில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஓடையில் சீமைக்கருவேலம் மண்டிவிடும். ‘இங்கே தண்ணியே வராதுங்க’ என்று சொல்லும் புரோக்கர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தவரை வராமல் இருந்திருக்கலாம்!

டெக்சாஸிலும் இதே கதை

‘நம்ம ஊரில்தான் இப்படி, வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்’ என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைப் பார்க்க வேண்டும். அங்குள்ள ஹூஸ்டன் நகரத்துக்கு அருகே பியர்லேண்டில் மீனாட்சி அம்மனுக்கே ஒரு கோயில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி அது. மாநில அரசு வருமான வரி வசூலிப்பதில்லை. அதற்குப் பதிலாக வீட்டு வரி கனமாக இருக்கும். என்றாலும் முன்புறம் புல்வெளி, பின்புறம் பிள்ளைகள் விளையாட இடம், சைக்கிள் ஓட்டப் பெரிய பூங்கா என்று சொந்த வீட்டுக் கனவு அங்கே சுலபத்தில் கைக்கு எட்டும்.

ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் உண்டு. 1929-லும் 1935-லும் வந்த வெள்ளங்களில் நகரம் பட்ட அடியைப் பார்த்து, 1940-களில் ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டியவை. நம் கண்மாயைப் போலவே மண் கரை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காய்ந்தே கிடக்கும். அதனால் உள்ளே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், சைக்கிள் பாதைகள் எல்லாம் வந்தன. மழைக்காலத்தில் கண்மாய், வெயில் காலத்தில் மைதானம். நமக்குப் பழகிய ஏற்பாடுதான்.

பிரச்னை எங்கே வந்தது? நீர்த்தேக்கம் முழுசாக நிறைந்தால் தண்ணீர் எதுவரை ஏறுமோ, அதுவரையிலான நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. மீதி நிலம் தனியாரிடம் இருந்தது. அங்கே வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கண்மாயின் உள்வாயில் பட்டா போட்டு வீடு கட்டியதைப் போல. சில குடியிருப்புகளின் மனை வரைபடத்தில் ‘இந்த நிலத்தில் தண்ணீர் தேங்க வாய்ப்பு உண்டு’ என்ற பொருளில் ஒரு குறிப்பு பொடி எழுத்தில் இருந்தது. வீடு வாங்கிய பலருக்கு அப்படி ஒரு குறிப்பு இருப்பதே தெரியாது.

2017 ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் வந்தது. டெக்சாஸில் சில இடங்களில் ஒரு வாரத்துக்குள் 150 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. மதுரையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்தாலும் சராசரியாக 100 செ.மீ. வராது என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் வேகம் புரியும். நீர்த்தேக்கங்கள் நிறைந்து, உள்வாய் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. கரைக்கு ஆபத்து வரக்கூடாது என்று மதகைத் திறந்தபோது, கீழே இருந்த வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்காதவர்கள், பாதி வீடு அழுகிய நிலையிலும் வீட்டுக் கடன் தவணையைக் கட்ட வேண்டியிருந்தது.

நீர்த்தேக்கத்துக்கு மேல்பக்கம் மூழ்கிய வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில், அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அதே 2019-ல் டெக்சாஸ் சட்டமும் மாறியது. வீட்டை விற்பவர், அந்த வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததா, அது நீர்த்தேக்கப் பகுதிக்குள் வருகிறதா என்பதையெல்லாம் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இத்தனையும் நடந்தது பல ஆயிரம் குடும்பங்கள் நனைந்த பிறகு!

நம் ஊரில் யார் சொல்வார்கள்?

நம் நாட்டுச் சொத்து மாற்றுச் சட்டத்திலும், சொத்தில் உள்ள முக்கியக் குறையை விற்பவர் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தானே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைக்கு அது பொருந்தாது. ஆகவே விசாரிக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரைக்காரர்களுக்கு மறக்காது. சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் செல்லூரும் பந்தல்குடி வாய்க்கால் ஓரப் பகுதிகளும் மிதந்தன. வாய்க்கால் எந்த வழியில் ஓடியது என்பதை அன்று பலர் தங்கள் வரவேற்பறையில் தெரிந்துகொண்டார்கள். வடக்கே நடந்தது தெற்கே நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா ஆகியவற்றை எல்லோரும் பார்க்கிறார்கள். நிலம் யாருடையது, அதன் மேல் கடன் உண்டா என்பதை இவை சொல்லும். தண்ணீரைப் பற்றி இவை வாயே திறக்காது. அதற்கு வேறு ஆவணங்கள் உண்டு.

• அ-பதிவேடு: சர்வே எண்ணைக் கொடுத்தால், அந்த நிலம் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்ற வகைப்பாடு தெரியும். பக்கத்து சர்வே எண்களையும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த எண் கண்மாய் அல்லது ஓடைப் புறம்போக்கு என்றால் உஷாராகுங்கள்.

• புல வரைபடமும் கிராம வரைபடமும்: எஃப்.எம்.பி. என்று சொல்வார்கள். வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது என்பதை இதில் காணலாம். நேரில் போகும்போது அந்த வாய்க்கால் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அது எங்கே போனது என்று கேளுங்கள்.

• மனைப்பிரிவு அனுமதி: 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு உருவான அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைத் திட்டத்திலும் சேர்க்க முடியாது. அனுமதி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிற்க வேண்டாம். வெள்ளத் தேக்கம் தொடர்பாக நீர்வளத்துறை தந்த தடையின்மைச் சான்று இருந்தால், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். இத்தனை அடி உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்பது போன்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

• விமான நிலையம்: ஓடுபாதைக்கு அருகே கட்டட உயரத்துக்கு வரம்பு உண்டு. விரிவாக்கத்துக்கான நில எடுப்பும் இந்தப் பகுதியில் நீண்ட காலமாகப் பேசப்படும் விஷயம். நீங்கள் பார்க்கும் சர்வே எண் அதில் வருகிறதா என்பதை வருவாய்த்துறை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

காலால் பார்க்க வேண்டியவை

காகிதம் முடிந்த பிறகு நடை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு நாள் குடையோடு போய் மனையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேட்டு நிலம்தான்! பழைய வீடுகளின் சுவரில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா, புதிதாகக் கட்டியவர்கள் அடித்தளத்தை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். தெருவில் எல்லோரும் நாலடி ஏற்றியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நீங்களும் ஏற்றலாம். ஆனால் உங்கள் வாசலில் நிற்காத தண்ணீர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டீக்கடைப் பெரியவரிடம், ஆடு மேய்ப்பவரிடம், முன்பு அங்கே விவசாயம் பார்த்தவரிடம் பேசுங்கள். ‘ஐயா, இங்கே மடை எங்கே இருந்துச்சு, மறுகால் எந்தப் பக்கம் போகும்?’ என்று கேட்டால் போதும். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத தகவல் வந்து விழும்.

காற்றையும் கவனியுங்கள். மாநகராட்சியின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இந்தப் பக்கம்தான் உள்ளன. காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போனால் நாற்றமும் புகையும் எவ்வளவு தூரம் வருகின்றன என்பது தெரிந்துவிடும். போர்வெல் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்ப்பதும் அவசியம். கழிவுநீர் கலந்து கண்மாய்த் தண்ணீரில் வெள்ளை நுரை பொங்கிய காட்சியை அயன்பாப்பாக்குடிப் பகுதி மக்கள் பார்த்திருக்கிறார்கள்.

வீடு கட்டி முடித்தவர்களும் ஒன்று செய்யலாம். 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தை பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகின்றன. தீ விபத்தோடு புயல், வெள்ளம், நிலநடுக்கச் சேதமும் இதில் அடக்கம். டெக்சாஸ்காரர்களுக்குத் தனியாக வாங்க வேண்டியிருந்தது நமக்கு ஒரே பாலிசியில் கிடைக்கிறது.

காளைக்கும் நமக்கும்

இதையெல்லாம் படித்துவிட்டு, கண்மாய் பக்கமே போகக்கூடாது என்று முடிவு செய்தால் அது தவறு. நல்ல நிலையில் இருக்கும் கண்மாய்க்குச் சற்றுத் தள்ளி, மேட்டில் வீடு அமைவதைப் போன்ற வசதி வேறில்லை. கண்மாய் நிறைந்தால் கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் ஏறும். கரையில் காலையில் நடக்கலாம். பிள்ளைகளுக்கு நீர்க்காகத்தையும் நாரையையும் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய், தாமரைக் குளத்தைச் சுற்றிவிட்டு, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்க்கப் பாறையில் ஏறி இறங்கினால் அந்த வாரத்துக்கான உடற்பயிற்சி முடிந்தது.

ஜல்லிக்கட்டுக்குமே கண்மாய் வேண்டும். வாடிவாசலில் சீறும் காளைக்கு மூச்சும் தசையும் நீச்சலில்தான் வருகின்றன. தண்ணீரில் நீந்தவிட்டு, மண்ணைக் குத்தவிட்டு, நடக்கவிட்டு வளர்க்கிறார்கள். மந்தையும் மேய்ச்சலும் மனைகளாக மாறியபின், தெருவோரத்தில் கட்டிப்போட்டு அந்தக் காளையை வளர்ப்பது சிரமம்.

ஆகவே இங்கே குடிவருபவர்கள் முதலில் சேர வேண்டியது, வரத்துக்காலில் குப்பை கொட்டாத, கழிவுநீர்க் குழாயை ஓடையில் திருப்பிவிடாத, மழைக்கு முன் தூர் வாரச் சொல்லி மனுக் கொடுக்கிற கூட்டத்தில்தான். 2,000 சதுர அடி மனைக்கு 20 வருடம் தவணை கட்டுகிறோம். அந்த 20 வருடத்தில் ஒரு பெருமழையாவது வரத்தான் செய்யும். அன்று தண்ணீர் போக வழி இருந்தால், வீட்டுக்குள் நாம் நிம்மதியாக இருக்கலாம்.